பருப்பு வேகும் தண்ணீர்

ஆபிதாம்மாவுக்கு நான் தரவேண்டியிருந்தது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். நாலு மாத வாடகை ஆயிரத்து எழுநூறு, கரண்டுக்கு நூற்று நாற்பது. இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷக் கடைசியில், கம்பிக்கு விலை இல்லை என்று சொல்லி, நான் வேலை செய்த ஆலையைச் சாத்திவிட்டார்கள். தை பிறந்து திறந்தபோது பாதிப் பேரைத்தான் கூப்பிட்டார்கள். அதில் நான் இருந்தேன். ஆனால் இரண்டு ஆள் வேலை ஒரு ஆளுக்கு. பன்னிரண்டு மணி நேரம் உலைப் பக்கம் நின்றுவிட்டு வந்தால், சோற்றைப் பிசையக்கூட விரல் மடங்காது.

புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் பின்னால் ஆபிதாம்மாவின் மாடி வீடு. அதை ஒட்டி வரிசையாக ஆறு ஓட்டு அறைகள். வீட்டுச் சுவரை ஒட்டிய அறையில் நானும் என் பெண்சாதி சந்திரகலாவும் குடியிருந்தோம். ஆபிதாம்மா பழவேற்காட்டில் கருவாட்டு மண்டி வைத்திருந்த குடும்பத்துப் பெண். புருஷன் இறந்த பிறகு இந்த ஆறு அறை வாடகைதான் அவருக்கு வருமானம்.

அந்த வருஷம் மாசியில் ஹஜ்ஜு வந்தது. தம்பி அப்துல் வாஹித் பாயோடு ஆபிதாம்மா புறப்பட இருந்தார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் தெரிந்தவர்கள் எல்லாரிடமும் போய், மனசு நோகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். அப்படி எங்கள் வாசலுக்கும் வந்தார். எனக்கு உடம்பு கூசிவிட்டது.

"கலியா, எதுனா ஏசியிருந்தா மனசுல வெச்சிக்காதபா."

"ஐயோ, நான்தாம்மா உங்களுக்குத் தரணும். நீங்க வந்து என்னாண்ட கேக்கறீங்களே."

"அது வேற, இது வேற. மன்னிப்புல வாடகை கழியாது," என்று சிரித்தார். "மாடிக்கு வா, ஒண்ணு காட்றேன்."

மாடியில் இருபத்தேழு தொட்டிச் செடிகள். மல்லி, கனகாம்பரம், செம்பருத்தி, காகிதப்பூ, மாதுளை, கொய்யா, சப்போட்டா, ஒட்டு மா. நடுவில் சிமெண்டுத் தொட்டியில் நாலு வருஷத்து எலுமிச்சை. அதில் அப்போதே நாற்பது காய்க்கு மேல் இருந்தது. ஆபிதாம்மா அதன் இலை ஒன்றைத் திருப்பிப் பார்த்து, அடியில் இருந்த பூச்சியை நகத்தால் நசுக்கிவிட்டுச் சொன்னார்.

"நான் வர நாப்பத்தாறு நாள் ஆவும். தினமும் தண்ணி ஊத்து. வந்து ஒண்ணு ஒண்ணா எண்ணுவேன். இருபத்தேழும் உசுரோட இருந்தா உன் கடன் மொத்தமும் கழிஞ்சிச்சி. இல்லாட்டி, மொத்தத்தையும் எண்ணி வெச்சிட்டு ரூமைக் காலி பண்ணிடு. எனக்கும் வேற வழி இல்ல கலியா."

ஒத்துக்கொண்டேன். வேறு யார் அட்வான்ஸ் இல்லாமல் எங்களுக்கு அறை தருவார்கள்?

முதல் இரண்டு நாள் கீழே இருந்த போர் தண்ணீரைத்தான் ஊற்றினேன். மூன்றாம் நாள் சந்திரகலா மாடிக்கு வந்து தொட்டிகளைப் பார்த்தாள். தொட்டி விளிம்பு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது.

"இந்த சுண்ணாம்புத் தண்ணியில சோப்பே நொரைக்க மாட்டேங்குது. பருப்பு ரெண்டு மணி நேரம் கொதிச்சாலும் கல்லாட்டம் கீது. இத ஊத்தினா செடி எப்பிடிய்யா பொழைக்கும்? கம்பெனித் தண்ணி எடுத்தாந்து ஊத்தேன்."

கம்பெனித் தண்ணீர் என்றால் எங்கள் ஆலையின் உலைக் குழாய்களைக் குளிர வைக்கப் பக்குவப்படுத்தும் தண்ணீர். குழாயில் சுண்ணாம்பு அடைக்கக் கூடாது என்று ஒரு பெரிய உருளைக்குள் விட்டு எடுப்பார்கள். சாஃப்ட் தண்ணி என்று எல்லாரும் சொல்வோம். ஒரு சொட்டு சோப்புக்குக் கை நிறைய நுரை வரும். அரை மணியில் பருப்பு வெந்துவிடும். வேலை முடிந்து போகிறவர்கள் ஆளுக்கு ஒரு கேன் பிடித்துக்கொண்டு போவது வழக்கம். காவலுக்கு இருந்த ஜோசப்பும் ஒன்றும் கேட்கமாட்டார். அதைவிட நல்ல தண்ணீர் அந்த வட்டாரத்தில் இல்லை என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகமே இல்லை.

இருபத்தேழு தொட்டிக்கு ஒரு கேன் போதாது. இருபது லிட்டர் கேன் இரண்டு வாங்கி, சைக்கிள் காரியரின் இரண்டு பக்கமும் கயிற்றில் தொங்கவிட்டேன்.

"இன்னா கலியா, தண்ணி லாரி தொழில் ஆரம்பிச்சிட்டியா?" என்றார் ஜோசப்.

"கடன் தொழில்ணா," என்றேன்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து புதுவாயலுக்கு ஹைவேயில் வரவேண்டும். லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது அந்தக் காற்றில் கேன் ஆடும், சைக்கிள் ஒரு பக்கமாக இழுக்கும். பாதி தூரம் இறங்கித் தள்ளிக்கொண்டே வருவேன். வந்து சேர்ந்ததும் இருபத்திரண்டு படி. ஒரு கேனை மேலே வைத்துவிட்டு இறங்கினால் இன்னொரு கேன் கீழே எனக்காக நின்றுகொண்டிருக்கும். சில நாள் நடுப்படியில் உட்கார்ந்து தூங்கியிருக்கிறேன். சந்திரகலா வந்து தட்டி எழுப்புவாள். "நீ கீழ போய் படு, நான் ஊத்தறேன்" என்று அவள் சொன்னாலும் விடமாட்டேன். ஒரு தொட்டி விட்டுப்போனால் ஆறு அறையும் பார்த்துக்கொண்டிருக்க நாங்கள் சாமானைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்ற பயம்.

இரண்டு வாரம் போனது. எலுமிச்சையின் இலை நுனிகள் பழுப்பாகி, நெருப்பில் காட்டி எடுத்த காகிதம் போல ஓரம் சுருண்டன. மல்லியில் அரும்பு நின்றுபோனது. வெயில் ஏறுகிறது, தாகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு லீவு. அன்றைக்கும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் இரண்டு நடை எடுத்து வந்தேன். நான் ஊற்ற ஊற்ற இலை அதிகமாகக் கொட்டியது. செம்பருத்தி மொட்டுகள் விரியாமலே விழுந்தன. எலுமிச்சைக் காய்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து தொட்டிக்குள் கிடந்தன.

முப்பத்தோராம் நாள். சாயங்காலம் ஆலையில் கேனைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, அந்தத் தண்ணீர் உருளையைப் பார்த்துக்கொள்ளும் ராபின் வந்தான். சின்ன வயசுக்காரன், மீஞ்சூர்ப் பையன். அதுவரை இரவு ஷிப்டில் இருந்தவன், அந்த வாரம்தான் பகலுக்கு மாறியிருந்தான்.

"இன்னாணா, ஊட்ல கல்யாணமா? இவ்ளோ தண்ணி பிடிக்கறே."

"செடிக்குபா."

ராபின் வால்வை மூடினான். "செடிக்கா? எத்தினி நாளா?"

"ஒரு மாசம்."

"அண்ணா, மாசா மாசம் இங்க உப்பு மூட்டை வந்து எறங்குதே, அது எதுக்குன்னு நெனச்சே? கேண்டீன்ல சாம்பாருக்கா?" என்று கேட்டான். நான் முழித்ததைப் பார்த்துவிட்டு அவன் சிரிப்பை நிறுத்தினான். "இந்த மிஷினு தண்ணில கீற சுண்ணாம்ப எடுத்துக்கினு, அந்த எடத்துல உப்ப உட்டுடும்ணா. நம்ம நாக்குக்குத் தெரியாது. சோப்பு நொரைக்கும், பருப்பு வேகும். ஆனா தொட்டில தெனமும் ஊத்தினா உப்பு மண்ணுல சேர்ந்துக்கினே போவும். வேரு வெந்துரும்."

நான் கேன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை லிட்டர், எத்தனை நடை, எத்தனை படி என்று ஒன்றும் கணக்குப் போடத் தோன்றவில்லை. தோள்பட்டை மட்டும் வலித்தது.

"இப்ப இன்னா பண்றது ராபின்?"

"போர் தண்ணியே ஊத்துணா. கொஞ்சம் ஊத்தாத. அடியில ஓட்டை வழியா ஓடற மாதிரி, மூணு நாலு தபா ஊத்தி மண்ண அலசு. பொழைக்கறது பொழைக்கும்."

மூன்று நாள் லீவு போட்டேன். சம்பளம் போனது. போர் தண்ணீரைக் குடம் குடமாக மாடிக்கு ஏற்றி, ஒவ்வொரு தொட்டியையும் அலசினேன். சந்திரகலா கீழே குடம் நிரப்ப, நான் ஏற்ற, மாடித் தண்ணீர் சுவர் வழியாக எங்கள் அறைக்குள்ளேயே ஒழுகியது. கொய்யாவும் மாதுளையும் தலை தூக்கின. காகிதப்பூவுக்கும் சப்போட்டாவுக்கும் முதலிலிருந்தே ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எலுமிச்சை போய்விட்டது. கிளையைக் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சையே இல்லை. ஒட்டு மா போனது. மல்லி மூன்று, செம்பருத்தி இரண்டு, கனகாம்பரம் ஒன்று. ஆக எட்டு.

"ரோட்டோரம் எலுமிச்சக் கன்னு இருபத்தஞ்சு ரூவாக்கு விக்கறான்," என்றாள் சந்திரகலா. "வாங்கி நட்டுரு. அதே மரந்தான், மேல எறும்பு தின்னுடுச்சின்னு சொல்லிக்கலாம்."

"நாலு வருஷத்து மரத்த முழங்கால் ஒசரத்துக்குத் தின்னுச்சா எறும்பு?"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தட்டுமுட்டுச் சாமானைச் சாக்கில் போட ஆரம்பித்தாள். சம்பளத்தில் மிஞ்சிய முந்நூறு ரூபாயை, அறை மாற வண்டிக்கு என்று எடுத்து வைத்தேன்.

பங்குனி பிறந்த வாரம் ஆபிதாம்மா வந்து இறங்கினார். ஆறு அறைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தார். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். செத்த எட்டுத் தொட்டிகளையும் ஒரே வரிசையில் நான் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அப்துல் வாஹித் பாயும் கூட வந்திருந்தார்.

ஆபிதாம்மா எண்ணினார். எலுமிச்சைக்கு முன்னால் நின்று, காய்ந்த கொப்பை ஒடித்தார். சத்தம் கேட்டது.

"தண்ணியே ஊத்தலையா நீ?"

"ஊத்தினேம்மா. ஊத்தினதாலதான் போச்சு," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனித் தண்ணீர், கேன், ஹைவே, ராபின் சொன்னது, மூன்று நாள் லீவு. எதையும் மறைக்கவில்லை. மறைக்கத் தெம்பும் இல்லை.

"கும்மிடிப்பூண்டிலேருந்தா? சைக்கிள்லயா?" என்றார் அப்துல் வாஹித் பாய். "கீழ குழாயத் தொறந்தா தண்ணி வருமேப்பா. கழுதைக்கு கூட இவ்ளோ பொதி ஏத்த மாட்டானுங்க."

"சும்மா இரு வாஹித்," என்றார் ஆபிதாம்மா. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார். குரலில் கோபம் குறையவில்லை.

"எம்மரம் போச்சு. அது எனக்குத் தாளல கலியா. உன்ன இப்பவே வெளிய அனுப்பத்தான் மனசு சொல்லுது. ஆனா எந்தத் தண்ணின்னு நான் சொல்லிட்டுப் போவல. ஊத்துன்னேன், அவ்ளோதான். அதனால எட்டுல நாலு என் தலையில. நாலு உன் தலையில." உள்ளே போய் வாடகை நோட்டை எடுத்து வந்தார். "இருபத்தேழு செடிக்கு ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது. ஒரு செடிக்கு அறுபத்தெட்டு ரூவா. நாலு செடிக்கு?"

"எறநூத்தி எழுபத்திரண்டும்மா."

"அத வெச்சிடு. மத்தது கழிஞ்சிச்சி."

வண்டிக்கு வைத்திருந்த முந்நூறை எடுத்துக் கொடுத்தேன். மூன்று நோட்டையும் வாங்கி, மீதி இருபத்தெட்டு ரூபாயை அவர் எண்ணிக் கொடுத்தார். என் பெயர் இருந்த பக்கத்தின் குறுக்கே மேலிருந்து கீழ்வரை கோடு ஒன்று போட்டார். கீழே என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன்.

"அடுத்த மாசத்துலேருந்து அஞ்சாந்தேதி வாடகை வந்துடணும்," என்றார்.

"வந்துடும்மா."

படி இறங்கினேன். சந்திரகலா சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். "இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள். பாக்கி இல்லை என்று சொல்லிவிட்டு, மூட்டை ஒன்றை நகர்த்தி இடம் செய்து படுத்தேன். அந்த வாரம் எனக்கு இரவு ஷிப்டு. அதற்கு இன்னும் எட்டு மணி நேரம் இருந்தது.