டி.சி. 1900

மனைவி படித்தவள் என்பதில் தணிகைவேலுக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பெருமை ஆட்டோ ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால் பேசும்போது மட்டும்தான். கயல்விழி காலையில் தலைவாரி, பையை மாட்டிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினால் அவனுக்கு வயிறு எரியத் தொடங்கிவிடும்.

அவளுக்கு அரக்கோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவன் திருத்தணி ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ ஓட்டினான். மலையடிவாரத்துக்கும் கே.ஜி.கண்டிகைக்குமாகச் சவாரி போனாலும், அவள் வரும் ரயில் நேரத்துக்கு எப்படியாவது ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடுவான். எந்தப் பெட்டியிலிருந்து இறங்குகிறாள், கூட யார் இறங்குகிறார்கள், யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறாள் என்று தூணோரம் நின்று பார்ப்பான். அவள் கேட்டால், சவாரிக்கு ஆள் பிடிக்க வந்தேன் என்பான்.

இதெல்லாம் போன வருஷம் தொடங்கியது. அவளுடைய சீசன் டிக்கெட் முந்தின நாளே முடிந்திருந்ததை, ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கும் ஒரு டி.சி. பார்த்துவிட்டு, அபராதம் போடாமல், சீக்கிரம் புதுப்பித்துக்கொள்ளச் சொல்லி விட்டுவிட்டாராம். அவள் அதை வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னாள். மறுநாளே தணிகைவேல் போய் அந்த ஆளைப் பார்த்து வந்தான். வரதராஜன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. கறுப்புக் கோட்டு, மழுங்கச் சிரைத்த முகம். அன்றிலிருந்து அவள் புதுப் புடவை கட்டினாலும் அவருக்காக, முகம் வாடியிருந்தாலும் அவருக்காக என்று அவன் மனசு கணக்குப் போட்டது.

புரட்டாசி மழை விட்ட சமயத்தில், ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் சினேகாவுக்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரைக்கு இறங்குவதும் மறுபடி ஏறுவதுமாக இருந்தது. கயல்விழி தானே குழந்தையிடம் ரத்தம் எடுத்துக்கொண்டுபோய் லேபில் கொடுத்துவிட்டு, அரை நாள் லீவு சொல்லித் திரும்பினாள். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, சாயங்காலம் குழந்தை பக்கத்திலேயே அசந்து தூங்கிப்போனாள்.

தணிகைவேல் டீ குடிக்க வீட்டுக்கு வந்தபோது, சார்ஜில் கிடந்த அவளுடைய போன் மினுக்கியது. பெயரில்லாத ஏதோ ஒரு நம்பர்.

'டி.சி. 1900 தான். பயப்படாதே கயல், நான் இருக்கேன். உடனே கூப்பிடு. டி.சி.'

அவன் அதை இரண்டு தரம் படித்தான். ரயில்வேக்காரர்கள் சாயங்காலம் ஏழு மணியை 1900 என்றுதான் எழுதுவார்கள் என்பது ஸ்டேஷன் வாசலில் பிழைப்பவனுக்குத் தெரியாதா? ஏழு மணிக்கு வரச் சொல்கிறான். கீழே கையெழுத்து மாதிரி டி.சி. என்றும் போட்டிருக்கிறான். நான் இருக்கேனாம். அப்படியென்றால் நான் யார்?

அவளை எழுப்பிக் கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவாள், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். சினேகா கண்ணைத் திறந்து, "நைனா, தண்ணி" என்றாள். தோ வந்துட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய் ஆட்டோவைக் கிளப்பினான்.

ஸ்டேஷனில் காத்திருந்தபோது அந்த நம்பரிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் வெட்டினான். அந்த டி.சி. துடிக்கத் துடிக்க இவனுக்குள் ஒரு குரூரமான திருப்தி.

ஏழு மணிக்கு வந்த வண்டியிலிருந்து வரதராஜன் இறங்கினார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பக்தர்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் தணிகைவேல் அவர் கையைப் பிடித்து நிறுத்தினான். போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, கயலுக்கு இதை ஏன் அனுப்பினாய் என்று கேட்டான்.

அவர் போனை வாங்கி நிதானமாகப் படித்தார். "எந்த கயலுப்பா? எனக்கு யாரையும் தெரியாது. இது என் நம்பரும் இல்ல."

அவர் கையிலேயே போன் மறுபடி அடித்தது. அவரே எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார். ஒரு வயதான பெண்ணின் குரல் பதறியது.

"கயல், ஏன்மா போனை எடுக்க மாட்டேங்கிற? சுலோச்சனா பேசறேன், லேபோட புது நம்பரு. பாப்பாவுக்கு டோட்டல் கவுண்ட் ஆயிரத்தித் தொள்ளாயிரம்தான் இருக்குது. பிளேட்லெட்டும் இறங்கிகினே வருது. டெங்கு மாதிரி தெரியுது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போ."

வரதராஜன் போனை அவன் கையில் திருப்பிக் கொடுத்தார். தன் மகளுக்கும் ஒருமுறை அப்படி ஆனதாகவும், ரத்தச் சீட்டில் டி.சி. என்றால் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை என்றும் சொன்னார். கடைசியில் இருக்கும் டி.சி.க்கு, 'டேக் கேர்', பத்திரமாக இருந்துகொள் என்று அர்த்தமாம். "என்னை அப்புறம் திட்டிக்கலாம். போப்பா முதல்ல."

வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டு அம்சா வாசலுக்கு வந்தாள். குழந்தை வாந்தி எடுத்ததாம், கயல் போனைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, தெருவில் வந்த கோதண்டத்தின் ஆட்டோவை நிறுத்தி ஏறிப்போனாளாம். கோதண்டம் அவனோடு ஸ்டாண்டில் நிற்பவன்தான். அந்த நேரத்திலும், கோதண்டம் ஏன் இந்தத் தெருவுக்கு வந்தான் என்று ஒரு நினைப்பு அவனுக்குள் தலைநீட்டியது. தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் சினேகாவின் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. திருவள்ளூருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் சொல்லியிருந்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். கயல்விழி கை நீட்டினாள். அவன் போனைக் கொடுத்தான். செய்தியைப் படித்தாள், வெட்டப்பட்ட அழைப்புகளைப் பார்த்தாள்.

"இத எப்போ பாத்த பாவா?"

"டீ குடிக்க வந்தப்போ."

"என்ன எழுப்பி ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. நான் பக்கத்துலதான படுத்துகினு இருந்தேன்."

அதற்குமேல் அவள் அவனோடு பேசவில்லை. திருவள்ளூரில் குழந்தைக்கு மெல்ல மெல்ல உடம்பு தேறியது. காய்ச்சல் நின்று கஞ்சி குடித்து எழுந்து உட்கார்ந்த பிறகுதான் கயல்விழி வாய் திறந்தாள். லேபுக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துவிட்டாளாம். இனி அவளும் சினேகாவும் அரக்கோணத்தில்தான்.

"பள்ளிக்கூடத்துல டி.சி. வாங்கணும். நீயே போய் வாங்கிகினு வா," என்றாள்.

மறுநாளே தணிகைவேல் பள்ளிக்கூடத்துக்குப் போனான். ஹெட்மிஸ்ட்ரஸ் காரணம் கேட்டபோது, அம்மா வேலைக்குப் பக்கத்தில் என்று சொன்னான். நீங்கள் போகவில்லையா என்று அந்தம்மா அடுத்துக் கேட்டார்.

மாற்றுச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று அதையேதான் கயல்விழியிடம் கேட்டான், நானும் வரட்டுமா என்று. அவள் சான்றிதழை மடித்துப் பையில் வைத்தாள். வரலாம், ஆனால் ஸ்டேஷன் பக்கமும் லேப் வாசல் பக்கமும் வண்டி போடக்கூடாது என்றாள். தன் போனை அவன் தொடவும் கூடாது.

தை பிறந்ததும் ஆட்டோவோடு அரக்கோணத்துக்குப் போனான். ஒருநாள் சவாரி இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், லேப் தெருமுனையில் அவளைப் பார்த்தான். இரண்டு பெண்களும் வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் இளைஞனும் கூட வர, அவன் ஏதோ சொல்ல, கயல்விழி வாய்விட்டுச் சிரித்தாள். தணிகைவேலுக்கு அடிவயிற்றில் அதே நெருப்பு பற்றியது. கால் தானாகப் பிரேக்கை அழுத்தியது.

வெள்ளரிக்காய்க் கூடையோடு ஒரு கிழவி வந்து, மார்க்கெட் வருமா என்று கேட்டாள்.

"ஆங், ஏறு ஆயா," என்றான். கூடையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பினான்.