நாலாவது வரி

தேவதர்ஷினி மூன்றாவது முறையாக அந்தக் கோப்பைச் சொடுக்கினாள். இந்த மென்பொருள் இந்தக் கணினியில் இனி இயங்காது என்று திரை மூன்றாவது முறையாகச் சொன்னது. கோப்பின் பெயர் 'என் அடக்கம்'.

கதவுக்கு அப்பால் கூடத்தில் ஐஸ் பெட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே அப்பா அடைக்கலராஜ். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு வருடம் ஃபிட்டர். சாயங்காலங்களில் மாதா கோயில் பாடகர் குழுவின் தலைவர். நேற்று மதியம் சாப்பிட்டு எழுந்தவர், கை கழுவும் இடத்திலேயே சரிந்துவிட்டார்.

"வந்துச்சா பாப்பா?" சவரிராயன் எட்டிப் பார்த்தார். அப்பாவோடு வேலை பார்த்தவர். குழுவில் டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல்.

"இல்ல மாமா. நான்தான் கெடுத்து வச்சிருக்கேன்."

போன மாதம் பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது, கணினி அப்டேட் கேட்டு நச்சரிப்பதைப் பார்த்து, அப்பா வெளியே போயிருந்த நேரத்தில் 'சரி' என்று அழுத்திவிட்டாள். அவர் வருடக்கணக்காக 'பிறகு' என்றே அழுத்தி வந்தது அவளுக்குத் தெரியாது. அவர் இசை எழுதும் மென்பொருள் இருபது வருடத்துக்கு முன் சிடியில் வாங்கியது. புதிய பதிப்பு அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

"அப்பா ஒரு வார்த்த சொல்லலையே."

பெட்டியருகே உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் திருப்பாமல் சொன்னாள்: "அன்னிக்கே தெரியும் அவருக்கு. புள்ள ஆசையா செஞ்சுது, விடுன்னுட்டாரு."

தேவதர்ஷினி நாலாவது முறையாகவும் சொடுக்கிப் பார்த்தாள்.

"என் அடக்கத்துக்குப் பாட்டு எழுதி முடிச்சிட்டேன், நேரம் வந்தா கிடைக்கும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு," என்றார் சவரிராயன். "அடக்கத்த மட்டும் லேட் பண்ணிறாதீங்கன்னு பத்து தரம் சொல்லியிருப்பாரு. இப்பவே மணி ஒண்ணே முக்கால். மூணுக்குப் பூசை. பழைய பாட்டையே பாடிரலாம் பாப்பா. யாரு என்ன சொல்லப் போறா?"

"அப்பா சொல்வாரு மாமா."

அப்போதுதான் மன்சூர் கண்ணீர் அஞ்சலி பேனரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தான். கல்கண்டார்கோட்டையில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவன். கட்டும் முன் பெயர் சரிதானா என்று காட்ட வந்தவன், மேசைமேல் இருந்த சிடியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அக்கா, நம்ம கடையில பழைய சிஸ்டம் ஒண்ணு இருக்கு. நெட் ஒயரையே புடுங்கிப் போட்டுட்டேன். இல்லன்னா அது பாட்டுக்கு அப்டேட் ஆயிரும், பேனர் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாயிரும். சிடியும் போடலாம்."

"ஓடுமா?"

"அதுல ஓடாதது உள்ள இருக்குற ஃபேன் மட்டும்தான்."

உண்மைதான். கடையில் அந்தக் கணினி பக்கவாட்டு மூடியில்லாமல் ஒரு மேசை விசிறிக்கு எதிரே நின்றது. சிடி கரகரவென்று சுழன்றது. மென்பொருள் ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. தேவதர்ஷினி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், இரண்டு பத்து. மன்சூர் கணினியின் தலையில் ஒரு தட்டு தட்டினான். கோடு நகர்ந்தது.

பென் டிரைவிலிருந்த கோப்பைத் திறந்ததும் திரை முழுக்க அப்பாவின் இசைக் குறிகள் விரிந்தன. நேற்றிலிருந்து முதல்முறையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேலே, 'கல்லறையில். தொடக்கம் 4.28' என்றிருந்தது. குரலுக்கு ஒரு வரியாக நாலு வரிகள். மூன்று வரிகளில் சுரங்கள் நெருக்கியடித்து நின்றன. நாலாவது வரி கடைசிவரை காலி. முடிவில் மட்டும் ஒரே ஒரு நீண்ட சுரம். கோப்பு பழுதாகிவிட்டதோ என்று பயந்தாள். யோசிக்க நேரமில்லை. குரலுக்கு ஒரு தாளாக அச்சிட்டுக்கொண்டு மன்சூரின் வண்டியில் ஏறினாள்.

கோயில் வாசலில் சவரிராயன் தாள்களை விரலால் தடவிப் படித்தார். "மூணு குரலும் சரி. தாளப் பாத்தே பாடிருவோம், அப்படித்தான் பழக்கியிருக்காரு. நாலாவது, அடிக்குரல். அது அவரு ஒருத்தருதான பாடுவாரு? இத யாரு பாடுறது?"

"ஒரே சுரம்தான மாமா. விட்டுரலாம்."

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கி வைத்தபோது நாலு இருபத்தைந்து. சவரிராயன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். சரியாக 4.28-க்குக் கையை உயர்த்தினார்.

அது அழுகைப் பாட்டு இல்லை. படியேறுவதுபோல வரிக்கு வரி மேலே போயிற்று. முதல் பக்கத்தில் தடுமாறியவர்கள் இரண்டாவது பக்கத்தில் நிமிர்ந்து நின்று பாடினார்கள். பாட்டின் முடிவில் மூன்று குரல்களும் ஒன்றாகச் சேர்ந்து அப்படியே நின்றன.

மதிலுக்கு அப்பால் பணிமனையின் சங்கு ஊதியது. தினமும் வேலை முடியும் நேரத்துக்கு ஊதுகிற அதே சங்கு. அது மூன்று குரல்களுக்கும் அடியில் வந்து, அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்திக்கொண்டது. சவரிராயனின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு இரண்டு கைகளையும் அகல விரித்தார். சங்கு ஓயும்வரை ஒருவரும் குரலை விடவில்லை.

அம்மா முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள். "மணி நாலரை," என்றாள்.

தேவதர்ஷினி அந்த ஒற்றைச் சுரம் மட்டும் இருந்த நாலாவது தாளை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். வெளியே சாலையில், வேலை முடிந்து வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சைக்கிளை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.