உறவுக்காரர் இல்லாத நாடு

யாராவது பயணம் போகப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் இராகுலனுக்கு இருப்புக் கொள்ளாது. அது யாருடைய பயணமாக இருந்தாலும், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருடைய பயணமாகிவிடும். இந்த ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு, துறைமுகத்துக்கு மேலே இருந்த ஓர்ஸ் ஹில் மேட்டில் அவருடைய வீட்டு விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. பேச வேண்டிய விஷயம் ஜப்பான்.

ஜப்பான் சுதர்சிகாவின் யோசனை. இராகுலனின் தம்பி நிசாந்தை அவள் கட்டி ஒன்பது வருடம். இந்த ஒன்பது வருடத்தில் கணவனும் மனைவியுமாகத் தனியே போன மிகத் தூரமான இடம் பல் டாக்குத்தரின் கிளினிக். கதிர்காமம், நுவரெலியா, அனுராதபுரம் எல்லாம் இராகுலனின் வான் வண்டியில்தான். பதினொரு பேராக, காலடியில் காஸ் அடுப்பு இடிக்க இடிக்க.

வெளிநாடு போகலாம் என்றாலும் எங்கே போவது? லண்டனுக்குப் போனால் சித்தி வீட்டில் படுக்க வேண்டும். டொரொன்டோவில் அவளுடைய இரண்டு அக்காமார். மெல்பேர்னில் நிசாந்தின் மாமா. ஒஸ்லோவில்கூட ஒரு மச்சான் இருக்கிறான். தேடித் தேடித்தான் ஜப்பானைப் பிடித்தாள். அங்கே ஒரு சொந்தக்காரனும் இல்லை. ஒன்பது நாள், அவளும் நிசாந்தும் மட்டும். தான் வேலை செய்யும் காப்புறுதி அலுவலகத்தின் மதிய இடைவேளைகளில் எட்டு மாதமாக இருந்து யோசித்தாள். எந்தத் திகதியில் எந்த ஊர், எந்த ஹோட்டல் என்று விசாவுக்கு நாள்வாரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதையும் எழுதி முடித்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை கொழும்புக்குப் போய்க் கொடுப்பதுதான் பாக்கி.

அந்தப் பேப்பர் இப்போது இராகுலனின் கையில் இருந்தது.

“உது என்ன பிள்ளை, கியோட்டோவில மூண்டு நாள்? ஒரே ஊரில மூண்டு நாள் நிண்டு என்ன செய்யிறது?”

“நடக்கிறது, அத்தான்.”

“நடக்கிறதுக்குக் கீழ துறைமுக ரோட்டு இருக்குது. அதுக்கு ஏன் பிளேன் ஏறோணும்?”

அவருடைய மனைவி கஜேந்தினி சிரித்தாள். இராகுலன் பகிடி விட்டால் சிரிப்பது அவளுக்குச் சம்பளமில்லாத உத்தியோகம்.

“நான் சொல்லுறதைக் கேளுங்கோ,” என்றார் இராகுலன். “இறங்கின உடன ஒரு பெரிய வான் எடுப்பம். பதினொரு பேர். நானே ஓடுவன். விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டால் ஏழு மணிக்குப் பூஜி மலை. அடிவாரத்தில ஒரு ஆத்தங்கரையாப் பாத்து நிப்பாட்டுவம். ஆம்பிளையள் குளிக்க, பொம்பிளையள் சோத்தை வைக்க, பத்து மணிக்குச் சாப்பாடு.”

“ஜப்பானில ரோட்டோரத்தில சமைக்க விடமாட்டாங்கள்.”

“ஆர் கேக்கிறது? நுவரெலியாவில ஆர் கேட்டவன்?”

“நாங்கள் நுவரெலியாவுக்குப் போகேல்லை, அத்தான்.”

“எல்லா மலையும் ஒண்டுதான், பிள்ளை. கருவாட்டை மட்டும் கவனமாக் கொண்டுபோகோணும். கஜேன்ர சாரிக்குள்ள சுத்தினால் மணக்காது.”

“ஏன் என்ர சாரி? உங்கட சாறத்துக்குள்ள சுத்துங்கோவன்,” என்றாள் கஜேந்தினி. இதற்கு மட்டும் சிரிக்கவில்லை.

இராகுலன் காலைத் தூக்கி மற்றக் காலின்மேல் போட்டுக்கொண்டார். “எனக்கு ஜப்பான் ஒண்டும் புதுசில்லை. பன்னிரண்டு வருஷமா ஜப்பான் வான் ஓடுறன். ஒவ்வொரு நாளும் ஸ்டார்ட் பண்ணேக்க வானுக்குள்ள கதைக்கிற அந்த மெஷின் பொம்பிளை எனக்கு ஜப்பான் பாஷையில வணக்கம் சொல்லுறாள். நானும் திருப்பிச் சொல்லுறனான்.”

சுதர்சிகா எட்டு மாதமாகப் போனில் ஜப்பான் பாஷை படித்துக்கொண்டிருந்தாள். பொறுத்துப் பார்த்தாள்; ஏலவில்லை.

“அவள் வணக்கம் சொல்லேல்லை, அத்தான். நெடுஞ்சாலைக்குக் காசு கட்டுற அட்டை போடேல்லை எண்டு சொல்லுறாள். பன்னிரண்டு வருஷமாச் சொல்லுறாள்.”

மூலையில் இருந்த, எல்லா வான் பயணத்துக்கும் கூடவே வருகிற வீரக்குட்டி மாமா தேத்தண்ணி புரையேறச் சிரித்தார். இராகுலனின் முகம் கறுத்தது.

“ஓம், நீர் படிச்ச பிள்ளை. அப்ப இதையும் சொல்லும் பாப்பம். இந்தப் பேப்பரை எனக்கு ஆர் தந்தது?”

“எங்கட மேசையில இருந்து எடுத்திருப்பியள்.”

“நான் ஒருத்தற்ற மேசையிலயும் கை வைக்கிறேல்லை. உம்மட மனிசன்தான் கொண்டுவந்து தந்தவன். ‘அண்ணா, நீங்களும் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ’ எண்டு கேட்டவன். கெஞ்சினவன் எண்டே சொல்லலாம்.”

சுதர்சிகா நிசாந்தைப் பார்த்தாள். அவன் ஒரு பற்றிஸ் பலகாரத்தைப் பிரித்து, உள்ளே இருந்த கிழங்கை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தான்.

அவள் எழும்பினாள். இராகுலனின் கையிலிருந்து பேப்பரை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். “போட்டு வாறன், அக்கா,” என்று கஜேந்தினிக்கு மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

வீடு பத்து நிமிட நடை. நிசாந் இரண்டடி பின்னால் வந்தான்.

“சுதா, கோவமே?”

“ஏன் கேட்டனீங்கள் அவரை?”

ஓர் ஆட்டோவுக்கு வழிவிட்டு அவன் ஓரத்தில் ஒதுங்கினான். பிறகு சொன்னான்: “ஒன்பது நாள், சுதா. காலமை எழும்பினதில இருந்து படுக்குமட்டும் நீரும் நானும் மட்டும். என்ன கதைக்கிறது? வீட்டில எண்டால் டீவி இருக்கு, வேலை இருக்கு. அண்ணா ஆக்கள் வந்தால் அவர் கதைப்பார். நாங்கள் சும்மா இருக்கலாம்.”

இவ்வளவு நாளும் தன் இளக்காரத்தை எல்லாம் இராகுலன்மேல் வீணாக்கிவிட்டதற்காகச் சுதர்சிகா வருந்தினாள். அந்த மனிதருக்காவது பூஜி மலையடியில் குளிக்க வேண்டும் என்று ஓர் ஆசை இருந்தது. இவனுக்கு, கட்டிய பெண்ணோடு நடந்து போவதற்கே ஒன்பது பேர் துணை வேண்டியிருக்கிறது. நிசாந் தன்னைப் போலவே தனிமைக்கு ஏங்குகிறான் என்று நினைத்தல்லவா அவள் உலகமெல்லாம் தேடினாள்! அவனுக்கோ அந்த வான் நெருக்கம் வசதியான மறைவிடம்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே மேசைக்குப் போய் மடிகணினியைத் திறந்தாள். நிசாந் கதவு நிலையில் சாய்ந்து நின்றான்.

“என்ன செய்யிறீர்?”

“ஹோட்டல் பதிவை மாத்துறன். உங்கட பேரை எடுக்கப்போறன்.”

“விசர்க்கதை கதையாதையும். தனியப் போறதே? ஆக்கள் கதைப்பினம்.”

“கதைக்கட்டும். அவையளுக்காவது கதைக்க ஏதோ இருக்குது.”

முதல்தடவையாக அவன் பயந்தான். உள்ளே வந்து, அவளுக்கு எதிரே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான்.

“சரி. நான் வாறன். நாங்கள் ரெண்டு பேருந்தான். அண்ணாவை வேண்டாம் எண்டு சொல்லிவிடுறன்.”

சுதர்சிகாவின் விரல் நின்றது. எட்டு மாதமாக அவள் கேட்க நினைத்த வசனம் அதுதான். அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மேசையில் கிடந்த அவனுடைய போனை அவன் பக்கம் தள்ளினாள்.

“சொல்லுங்கோ. நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்.”

நிசாந் போனைக் கையில் எடுத்தான். அண்ணாவின் இலக்கத்தைத் தேடி எடுத்தான். பிறகு போனைத் திரும்ப மேசையில் வைத்தான்.

“இப்ப சாப்பிட்டுக்கொண்டிருப்பார்,” என்றான். “நாளைக்குச் சொல்லுறன்.”

மணி ஐந்தரை. வெளியே நல்ல வெயில்.

“ஓம், பாவம், சாப்பிடட்டும்,” என்ற சுதர்சிகா பட்டனை அழுத்தினாள். அறை ஒன்று, ஆள் ஒன்று என்று திரை காட்டியது. அவள் அடுத்த ஊரின் பதிவைத் திறந்தாள்.