சர்க்கரை இல்லாத வீடு

அனுசியாவுக்குப் பாம்பென்றால் பயமில்லை, திருடன் என்றால் பயமில்லை. சர்க்கரை என்றால்தான் பயம். மளிகைக் கடையில் சர்க்கரை மூட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பாள். ரேஷனில் போடுகிற சர்க்கரையை அங்கேயே வரிசையில் நிற்கிற யாருக்காவது கொட்டிக் கொடுத்துவிட்டு, மண்ணெண்ணெயை மட்டும் தூக்கிக்கொண்டு வீடு திரும்புவாள். தெருவில் அவளுக்குக் கிறுக்கி என்று பெயர். வைத்துவிட்டுப் போகட்டும். பெற்ற பிள்ளை கண் செருகிக் கிடந்ததை அவர்களா பார்த்தார்கள்?

போன வருஷம், எண்பத்தெட்டில், மாசி மகத்துக்கு ஊரே கோயில் பக்கம் போயிருந்த நாளில் அது நடந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்பிருந்தே மகள் சண்முகப்ரியா சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வெயில் என்று நினைத்தார்கள். எலும்பும் தோலுமாக இளைத்தபோது வயிற்றில் பூச்சி என்று நினைத்தார்கள். அன்றைக்கு உதடு வறண்டு, மூச்சு இரைத்து, கூப்பிட்டால் குரல் கொடுக்காமல் கிடந்தாள். வாடகைக் கார் பிடித்துப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். எட்டு வயதில் சர்க்கரை வியாதி வரும் என்பதை அனுசியா அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. பிள்ளை கண் திறக்கிற வரைக்கும் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஊசி போடக் கற்றுக்கொடுத்த டாக்டரம்மா எவ்வளவோ சொன்னார். எப்படிச் சோதிப்பது, எப்போது சாப்பாடு கொடுப்பது, சர்க்கரை ஏறினால் என்ன ஆகும், இறங்கினால் என்ன ஆகும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். அனுசியாவின் மண்டையில் ஏறியது ஒன்றே ஒன்றுதான்: இனிப்பு தின்றால் பிள்ளை செத்துப்போகும். எதற்கும் வீட்டில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும் என்றும் அவர் சொல்லியிருந்தார். வாங்கித்தான் வைத்தாள். ஒரு நாள் ப்ரியா அதில் விரலை விட்டு நக்கியதைப் பார்த்ததும் பொட்டலத்தைச் சாக்கடையில் வீசினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சர்க்கரை கிடையாது, வெல்லம் கிடையாது, வாழைப்பழம்கூடக் கிடையாது.

ப்ரியாவும் லேசுப்பட்டவள் இல்லை. தீபாவளிக்கு எவர் வீட்டிலோ அதிரசம் தின்றுவிட்டு வந்து, இல்லவே இல்லை என்று சாதித்தாள். சோதனைக் குழாய் காட்டிக்கொடுத்துவிட்டது. நீல மருந்தில் மூத்திரச் சொட்டு விட்டு விளக்கில் காட்டினால் நிறம் மாறும். நீலமாகவே நின்றால் நல்லது, பச்சையானால் பரவாயில்லை, மஞ்சள் தாண்டிச் செங்கல் நிறத்துக்குப் போனால் ஆபத்து. அன்றைக்குச் செங்கல் நிறம். அன்றோடு பிள்ளையின் வார்த்தையை நம்புவதை அனுசியா விட்டுவிட்டாள். குழாயை மட்டும் நம்பினாள்.

இப்படிப்பட்டவளுக்கு அடுத்த வீட்டுக்காரியாகவா சந்திரலேகா வந்து வாய்க்க வேண்டும்! பீங்கான் கம்பெனிகளுக்குப் பக்கத்தில் வரிசையாகக் கட்டிய ஓட்டு வீடுகள் அவை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், அதுவும் கூரை வரைக்கும் ஏறாத சுவர். சந்திரலேகா நெய்வேலியில் அக்கா வீட்டில் தங்கிக் கேக்கு செய்யப் பழகியவள். அவளிடம் கேக்கு வேகவைக்கிற ஓவன் கிடையாது. பெரிய அலுமினிய அண்டாவில் மணிமுத்தாற்று மணலைக் கொட்டிச் சூடேற்றுவாள். வாய் கோணல் என்று கம்பெனியில் கழித்த பீங்கான் கிண்ணத்தில் மாவை ஊற்றி மணலில் இறக்குவாள். மேலே மூடி போட்டு, மூடிமேல் கரி நெருப்பை அள்ளி வைப்பாள். கொஞ்ச நேரத்தில் வெண்ணெயும் வெனிலா எசென்ஸும் சேர்ந்து சுவரேறிக் குதித்து அனுசியாவின் அடுப்படிக்குள் வந்து நிற்கும். அந்த வாசனை வந்தாலே அனுசியா ஜன்னலைச் சாத்துவாள். கூரைக்குக் கீழே ஆள் நுழைகிற இடைவெளி இருக்கும்போது ஜன்னலைச் சாத்தி என்ன பிரயோசனம்? அந்தக் கோபத்தையும் சந்திரலேகாவின் தலையிலேயே போட்டாள்.

டிசம்பர் நடுவிலேயே சந்திரலேகாவுக்கு மூச்சுவிட நேரமில்லை. கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் யார் யாரோ கேக்கு கேட்டிருந்தார்கள். அனுசியாவின் புருஷன் சக்கரபாணிக்குக் கம்பெனியில் சூளை வேலை. சூளை ஏற்றிய நாளில் நெருப்பு அணைகிற வரை வீட்டுப் பக்கம் வரமாட்டான். அன்றைக்கும் சூளை ஏற்றியிருந்தார்கள். அனுசியா மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுவிட்டுச் சாயங்காலம் திரும்பியபோது, சந்திரலேகாவின் வாசலிலிருந்து ப்ரியா இறங்கி வந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பாவாடையெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சர்க்கரைத் தூள். கிட்டே வந்தால் உடம்பு முழுக்க வெனிலா.

அனுசியா கேனைத் தொப்பென்று வைத்தாள்.

"கேக்கு தின்னியாடி?"

"இல்லம்மா."

"வாயத் தொற. ஊது."

ப்ரியா ஊதினாள். வாயில் வாசனை இல்லை. கையில் இருந்தது, தலைமுடியில் இருந்தது. அனுசியாவுக்கு அது போதும்.

"அதிரசம் தின்னுட்டும் இப்பிடித்தானடி கல்லு மாதிரி நின்ன? வா உள்ள. கொழா சொல்லட்டும்."

குழாய் சொன்னது. மருந்து பச்சையாகி, மஞ்சளாகி, அடியில் செங்கல் நிறம் படிந்தது. பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குப் போகப் பிடிக்காமல் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூத்திரம் அது. அதைப் பற்றியெல்லாம் யோசிக்கிற நிலையில் அனுசியா இல்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி வராந்தா கண்முன் வந்து நின்றுவிட்டது. ஊசியைக் கொதிநீரில் போட்டு வேகவைத்தாள். குளிர்ச்சிக்காக வைத்திருந்த ஈரமணல் சட்டியிலிருந்து இன்சுலின் புட்டியை எடுத்தாள். வழக்கமாகப் போடுகிற அளவைத் தாண்டி இன்னும் கொஞ்சம் இழுத்தாள். கேக்குக்குச் சேர்த்துப் போட வேண்டாமா? ப்ரியா தொடையைக் காட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

"நான் திங்கலம்மா."

"வாய மூடு. ராத்திரி சாப்பாடும் கெடையாது. அப்பதான் ஒனக்குப் புத்தி வரும்."

பெற்றவள்தான் இப்படிச் சொன்னாள். பயம் ஒருத்தியைப் பிடித்துக்கொண்டால் அவள் வாயில் நல்ல வார்த்தை வராது.

ப்ரியா சுவரோரம் பாய் விரித்து உட்கார்ந்து பாடம் எழுதினாள். பசிக்குது என்று ஒரு தரம் சொன்னாள். அனுசியா காதில் வாங்கவில்லை. விளக்கு வைத்துவிட்டு வந்து பார்த்தபோது பிள்ளையின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பென்சில் கீழே விழுந்தது, எடுத்தாள், மறுபடி விழுந்தது. அழுது அழுது சோர்ந்துவிட்டாள் என்று அனுசியா நினைத்தாள். பிறகு ப்ரியா, "அம்மா, ஓடு பூரா எறும்பு ஊருது" என்று கூரையைக் காட்டினாள். அங்கே ஒன்றும் இல்லை. நாக்குக் குழறியது. நடிக்கிறாளோ என்றுகூட அனுசியாவுக்கு ஒரு கணம் தோன்றியது. உலை கொதித்து வழிகிற சத்தம் கேட்டு அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்தபோது பிள்ளை ஒருக்களித்துத் தரையில் கிடந்தாள்.

"ப்ரியா... ஏய் ப்ரியா!"

தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை துணி மாதிரி சாய்ந்தது. இமையைத் தூக்கிப் பார்த்தாள். கண் மேலே செருகியிருந்தது.

அனுசியாவுக்கு உயிரே போய்விட்டது. மறுபடியும் அதே மயக்கம். சர்க்கரை தலைக்கேறிவிட்டது. போட்ட மருந்து போதவில்லை. பஸ் பிடித்துப் பாண்டிச்சேரி போகிற வரைக்கும் தாங்குமா? இன்னொரு ஊசி போட்டால்தான் பிள்ளை பிழைக்கும். வேறு எந்த நினைப்பும் அவளுக்கு வரவில்லை. ஸ்டவ்வைப் பற்றவைத்து ஊசியை வேகவைத்தாள், சூடு ஆறும் முன்பே கையைச் சுட்டுக்கொண்டு எடுத்தாள், மருந்தை இழுத்தாள். எவ்வளவு இழுப்பது? எவ்வளவு தின்றாள் என்று தெரிந்தால்தானே எவ்வளவு போடுவதென்று தெரியும்? ஊசியும் கையுமாக நின்று சுவருக்கு மேலே பார்த்துக் கத்தினாள்.

"அடியே சந்திரா! எம்புள்ளைக்கு எவ்ளோடி குடுத்த? எத்தினி துண்டு குடுத்த? சொல்லித் தொல!"

சந்திரலேகா முழங்கை வரை மாவோடு ஓடி வந்தாள். தரையில் கிடந்த பிள்ளையையும் அனுசியாவின் கையில் இருந்த ஊசியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னாக்கா ஆச்சு பாப்பாவுக்கு?"

"எவ்ளோ குடுத்தன்னு கேக்கறேன்!"

"அவ திங்கவே இல்லக்கா."

"பொய் சொல்லாத. கொழா செவந்து கெடக்குது."

"எங்கம்மா சத்தியமா ஒரு துணுக்குகூட வாயில வைக்கலக்கா. சர்க்கரையும் வெண்ணெயும் நொரைக்கிறத வேடிக்கை பாக்க வந்தா. நானும் கொஞ்சம் கிண்டறேன்னு வாங்கிக் கிண்டினா. மனசு கேக்காம ஒரு துண்டு வெட்டி நீட்டிட்டேன், தப்புதான். மோந்து பாத்துட்டு, 'வேணாம் அத்தை, எங்கம்மா அழுவும்'னு திருப்பிக் குடுத்துட்டாக்கா."

அனுசியா நின்ற இடத்திலேயே நின்றாள். தின்னவில்லை என்றால், தின்னாத கேக்குக்கு இவள் மருந்து போட்டிருக்கிறாள். சோற்றையும் நிறுத்தியிருக்கிறாள். மெல்லக் குனிந்து பிள்ளையின் கழுத்தைத் தொட்டாள். ஈரம். சட்டை, பாவாடை எல்லாம் தொப்பலாக நனைந்து, உடம்பு சில்லென்று இருந்தது. போன வருஷம் காய்ந்த சருகாகக் கிடந்தாளே, இது அது இல்லையே! டாக்டரம்மா சொன்னது ஒவ்வொன்றாக இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அடக்கி வைத்த மூத்திரம் பழைய கணக்கைத்தான் காட்டும், அதைக் கொட்டிவிட்டு அடுத்து வருவதைத்தான் சோதிக்க வேண்டும். ஊசி போட்டால் சாப்பாடு கொடுத்தே ஆக வேண்டும். வேர்த்துக் கொட்டி நடுங்கினால் சர்க்கரை இறங்கிவிட்டது, உடனே இனிப்பு கொடுக்காவிட்டால் பிழைக்காது.

கையில் இருந்த ஊசியைப் பார்த்தாள். சந்திரலேகா வர ஒரு நிமிஷம் பிந்தியிருந்தால் இதையும் போட்டிருப்பாள்.  ஊசி கை நழுவிப் பாயில் விழுந்தது.

"சர்க்கர... சந்திரா, சர்க்கர வேணும்டி!"

சொல்லிக்கொண்டே அடுப்படிக்கு ஓடினாள். டப்பா டப்பாவாகத் திறந்தாள். அரிசி, பருப்பு, உப்பு, புளி. தன் கையாலேயே துடைத்தெடுத்த வீட்டில் ஒரு சிட்டிகை இனிப்பைத் தேடுகிறாள்! தலையில் அடித்துக்கொண்டு அவள் திரும்புவதற்குள் சந்திரலேகா தன் வீட்டுக்கு ஓடி, கேக்குமேல் பூசப் பொடித்து வைத்திருந்த சர்க்கரைத் தூளைக் கிண்ணத்தோடு கொண்டு வந்துவிட்டாள்.

"தண்ணி ஊத்திக் குடுத்துரலாமா?"

"வேணாம்டி, பொரையேறிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க. கொழைச்சுக் கன்னத்துல தடவணும்."

சந்திரலேகா பிள்ளையை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள். அனுசியா இறுகிய பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே விரலை விட்டுத் தடவினாள். தடவ முடிந்ததெல்லாம் பாதி உள்ளே போனது, பாதி கடைவாயில் வழிந்தது. எதுவும் ஆகவில்லை. மறுபடி தடவினாள். அனுசியா இதுவரை வேண்டாத தெய்வத்தையெல்லாம் வேண்டினாள். கொளஞ்சியப்பரைக் கூப்பிட்டாள், செத்துப்போன தன் அப்பாவைக் கூப்பிட்டாள். விரலில் ஒட்டிய சர்க்கரையைப் பார்க்கப் பார்க்க அழுகை முட்டியது. இதைத்தானே விஷம் விஷம் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்!

"அக்கா, நான் போயி காரு பாக்கறேன்."

"போவாதடி. என்னியத் தனியா வுட்டுட்டுப் போவாத."

சந்திரலேகா போகவில்லை. வாசலில் நின்று தெருவில் போன யாரையோ கூப்பிட்டுக் காருக்குச் சொல்லிவிட்டு மறுபடி வந்து பிள்ளையின் காலைத் தேய்த்தாள். அடுத்த வீட்டில் மணல் அண்டாவில் ஏதோ தீய்கிற நாற்றம் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் ப்ரியாவின் தொண்டைக்குழி அசைந்தது. ஒரு மிடறு உள்ளே போனது. இமை துடித்தது. அனுசியா வாய்விட்டு அலறிவிட்டாள். சந்திரலேகா அவளைத் தட்டி, கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கரண்டியைக் கையில் கொடுத்தாள்.

"முழிச்சிட்டாக்கா. இப்ப கொஞ்சங்கொஞ்சமா குடுங்க. வுடாம குடுங்க."

ப்ரியா கண்ணைத் திறந்து யாரென்று தெரியாதவளாக விழித்தாள். அம்மாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். பிறகு நாக்கில் இருந்த இனிப்பு அவளுக்கு உறைத்தது. முகம் வெளிறியது. உதட்டை இறுக மூடிக்கொண்டு, கடைவாயில் வழிந்ததைப் புறங்கையால் அவசர அவசரமாகத் துடைத்தாள்.

"நான் எடுக்கலம்மா."

"தெரியுண்டி என் சாமி. நான்தாண்டி குடுக்கறேன். முழுங்கு. இன்னும் ஒரு வாய் முழுங்கு."

பிள்ளையின் பார்வை கரண்டியில் நிற்கவில்லை. பாயில், அனுசியாவின் முழங்காலுக்குப் பக்கத்தில், மருந்து நிரம்பிய ஊசி கிடந்தது. அதைக் கண்டதும் அவள் சுவரோடு சுவராக ஒடுங்கினாள்.

"முழுங்குனா அதப் போடுவியாம்மா?"

அனுசியா காலால் ஊசியை எட்டித் தள்ளிவிட்டுக் கரண்டியை நீட்டினாள். பிள்ளை வாயைத் திறக்கவில்லை.