இன்னும் காலியாகவில்லை

…போய்விட்டுத்தானே வந்தேன், சத்தியமாகப் போய்விட்டுத்தான் வந்தேன், ஆனால் ஸ்கேன் நம்ப வேண்டுமே, மூத்திரப்பையில் இன்னும் பாதி நிற்கிறதாம், பை காலியாக இருந்தால்தான் கதிர்வீச்சு சரியான இடத்தில் விழுமாம், நிதானமாப் போயிட்டு வாங்க பெரியவரே என்று கதிர் கொடுக்கும் அந்தப் பெண் திருப்பி அனுப்பிவிட்டாள். வாழ்நாளெல்லாம் தொலைதூர பஸ் ஓட்டியவருக்கு அடக்கத் தெரிந்த அளவுக்கு விடத் தெரியவில்லை, என்ன கூத்து இது, கடைசியில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் ஒருவழியாகப் போய் முடித்து, இதோ மறுபடி மேசையில் மல்லாந்தாயிற்று. இங்கே படுத்திருப்பது சுகமாகத்தான் இருக்கிறது, ஹாரன் இல்லை, எதிரே லாரி இல்லை, யாரோ ஓட்டுகிறார்கள், நாம் சும்மா போகிறோம்… கீமோ ஏற்றிய மறுநாள்தான் ஆளை அடித்துப் போடுகிறது, டீகூட இரும்பை நக்கினாற்போல் இருக்கிறது, இருக்கட்டுமே, மூத்திரத்தில் ரத்தம் நின்றுவிட்டதே! இன்று காலை தெளிவாகப் போனதும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார், ஊரைக் கூட்டாதது ஒன்றுதான் பாக்கி என்று அவள் திட்டினாள், பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். பாவம், முழுக்கக் குணமாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். நோய் பையைத் தாண்டிவிட்டது, கொஞ்ச காலம் நல்லபடியாக வைத்திருக்கலாம், அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னது இவரோடு இருக்கிறது, இருக்கட்டும், அவள் நிம்மதியைக் கெடுப்பானேன்…

கதிருக்குக் குறியாக இடுப்பில் குத்திய மைப்புள்ளிகளைச் சரிபார்த்தபடி அந்தப் பெண் சாதாரணமாகத்தான் சொன்னாள்: "நேத்து உங்க வீட்டம்மா டாக்டரைத் தனியாப் பாத்து எல்லாத்தையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. ரொம்பத் தைரியம் அவங்களுக்கு." அசையாதீங்க என்றுவிட்டுப் போய்விட்டாள், கனத்த கதவு மூடிக்கொண்டது. நேற்றா? நேற்று மருந்துக் கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்றல்லவா போனாள், வெறுங்கையோடு வந்தாளே, கேட்கத் தோன்றவில்லையே இந்த மண்டைக்கு… அப்படியென்றால் காலையில் திட்டியதும் சிரித்ததும் எல்லாம் தெரிந்துதானா? கெட்டிக்காரிதான், நம்மையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள்! மெஷின் முனகிக்கொண்டு சுற்றி வந்தது, கண்ணோரம் நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று, துடைக்கக் கை எழவில்லை, அசையக் கூடாதே. ஆனாலும் நெஞ்சு லேசாகத்தான் இருந்தது, இனி வெளியே போய் யார் முதலில் வாயைத் திறப்பது என்பதுதான் புரியவில்லை… அதுசரி, வீட்டில் இருப்பதே இரண்டு அறை, நேற்று முழுக்க இவரும் வீட்டில்தான் இருந்தார், எங்கே போய் அழுதிருப்பாள்?