முதல் கிண்ணக் கூழ்

அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தால் தேவலை என்று இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு ஏற்றுகிறவன் நான். தோளில் ஒரு மூட்டை இருந்தால் கையை எங்கே வைப்பது, காலை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை. ஆடி ஞாயிறு, எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற நாள், அதனால் லீவு. வீட்டுக்குள் போவதும் வாசலுக்கு வருவதுமாக இருந்தேன்.

உள்ளே போனது ஜன்னல் கட்டையில் இருந்த பாட்டிலைப் பார்க்க. கட்டைவிரல் பருமனுக்கு இருக்கும். வெள்ளிக்கிழமை நர்சம்மா மதிவதனி வைத்துவிட்டுப் போனது.

அவர் வந்தது என் மகள் லாவண்யாவைப் பார்க்க. காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நர்சம்மா அவள் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, குடிக்கிற தண்ணீர் எது என்று கேட்டார். கோயில் முன்னால் இருக்கிற அடிபம்பைக் காட்டினேன். பம்புக்கு எதிரே புதிதாக எழும்பின அடுக்குமாடி. அதன் செப்டிக் டேங்க் பம்பை ஒட்டினாற்போல் இருக்கிறது. மழை பெய்தால் நிரம்பி, மூடி மேல் பொங்கி, தெருவில் ஓடும். எங்கள் வெள்ளானூர்ப் பக்கம் நிலமெல்லாம் வீடாகிக்கொண்டு வருகிறது, சாக்கடை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

நர்சம்மா, உள்ளே மருந்து தோய்த்த காகிதத் துண்டு கிடந்த அந்தப் பாட்டிலில் பம்புத் தண்ணீரைப் பிடித்து மூடினார்.

"இத வீட்டுக்குள்ள வைங்க. ரெண்டு நாள்ல கறுத்துப்போச்சுன்னா, தண்ணில கக்கூஸ் தண்ணி கலக்குதுன்னு அர்த்தம். எதுக்கும் அது வரைக்கும் பாப்பாவுக்குக் காய்ச்சியே குடுங்க."

சனிக்கிழமை சாயங்காலம் பாட்டிலின் அடியில் டீத்தூள் மாதிரி ஒரு நிறம் வந்தது. ஞாயிறு காலையில் பார்த்தால் தாரை ஊற்றி வைத்த மாதிரி இருந்தது.

இந்த வருஷக் கூழோ எங்களுடையது. ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து என் பெண்சாதி பார்வதம் வேண்டிக்கொண்டாள்: என் பொண்ண எழுப்பிக் குடு தாயே, உன் கூழ நான் ஊத்துறேன், மொத கிண்ணம் அவ வாயாலதான் குடிக்கணும். கூழை சனிக்கிழமையே கெட்டியாகக் காய்ச்சி இறக்கிவிடுவோம். அதில் பயமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கரகம் ஊரைச் சுற்றி வந்ததும் பம்பில் பச்சைத் தண்ணீர் அடித்து, மோரோடு ஊற்றிக் கையால் கரைத்துத்தான் கிண்ணத்தில் ஊற்றுவது. அந்தப் பம்பில் அடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அது எங்கள் தெரு வழக்கம்.

பாட்டிலைக் கைக்குள் பொத்திக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பார்வதம் பெண்களோடு உட்கார்ந்து சின்ன வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கரகம் தூக்குகிற துலுக்கானம் உடம்பெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு நின்றான். ஆட்டோ ஓட்டுகிறவன், எனக்கு மாமன் முறை.

"இன்னா அப்பாவு, காலைலேந்து உள்ள பூற, வெளிய வர. வயிறு கலக்குதா?"

பெண்கள் சிரித்தார்கள். நான் கையை விரித்தேன்.

"இன்னாத்துக்கு நைனா இங்கி பாட்டில எத்துகினு சுத்துற?"

"இங்கி இல்ல மாமே. நம்ம பம்பு தண்ணி." நர்சம்மா சொன்னதைச் சொன்னேன்.

துலுக்கானம் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "ஆத்தா தண்ணிக்கே டெஸ்ட்டு வெக்கிறியா நீ? பொறந்ததுலேந்து குடிக்கிறோம். இன்னா ஆயிட்ச்சி?"

"என் பொண்ணு படுத்துகினு கெடந்தா. உன் தம்பி ஊட்ல எல்லாத்துக்கும் பேதி. இன்னா ஆயிட்ச்சின்னு கேக்குற?"

"அது பானிபூரி."

பக்கத்து வீட்டு அகல்யா மெதுவாக, "கேன் தண்ணி வாங்கியாந்து ஊத்திக்கலாமே அண்ணே" என்றாள்.

"கேன் தண்ணில கூழா? அப்டியே ஆத்தாளுக்கு ஒரு ஸ்ட்ராவும் போட்டுக் குடு."

மறுபடி சிரிப்பு. பார்வதம் மட்டும் சிரிக்கவில்லை. அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்து என்னைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"வேண்டுதல்ல வாய வெக்காத. அவ உசிரு திரும்பினது யாரால? தெரியுமில்ல?"

"தெரியும். அதனாலதான் சொல்றேன்."

"ஊட்டுக்குப் போ."

மேளம் தொடங்கியது. கரகம் கிளம்பிவிட்டது. அது திரும்புகிற வரைக்கும்தான் எனக்கு நேரம். வீட்டுக்குப் போகவில்லை. பம்பைச் சுற்றி வந்தேன். கூழ் இருந்த பெரிய அண்டாவைச் சுற்றி வந்தேன். காலால் உதைத்தால் என்ன என்றுகூடத் தோன்றியது. கூட்டம் என்னைப் பிய்த்துவிடும், அது பரவாயில்லை. பார்வதம் என்னோடு ஆயுசுக்கும் பேசமாட்டாள்.

லாவண்யாவை மஞ்சள் சுடிதாரில் கூட்டிவந்து அண்டா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கையில் எவர்சில்வர் கிண்ணம். அவள் மணிக்கட்டு எலும்பு தனியாகத் தெரிந்தது. நான் போய்க் குனிந்தேன்.

"கறுத்துப்போச்சாப்பா?" என்று அவளே கேட்டாள். பாட்டில் அவள் படுக்கிற பக்கத்து ஜன்னலில்தானே இருந்தது.

"ஆமா."

"அப்ப நான் குடிக்கணுமா?"

"உனுக்கு வேணான்னா சொல்லிடு கண்ணு."

அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். "அம்மா மூஞ்சியப் பாருப்பா. நான் எப்டி வேணான்னு சொல்றது? குடிச்சிடுறேன், வுடு."

அதற்குப் பிறகு நான் அண்டாவை விட்டு நகரவில்லை.

மேளம் நெருங்கியது. பெண்கள் பம்பை அடித்துக் குடங்களை நிரப்பினார்கள். கரகத்தைத் தலையில் வைத்தபடி துலுக்கானம் வந்து நின்றான். முதல் கிண்ணம் ஊற்றும் வரை கரகம் கீழே இறங்கக்கூடாது. பார்வதம் குடத்தை எடுத்து அண்டா மேல் சாய்க்கப் போனாள். நான் குறுக்கே போய்ப் பாட்டில் மூடியைத் திருகி அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

டேங்கை உறிஞ்ச லாரி வருகிற அன்றைக்குத் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். அந்த வாடை. அதேதான். பின்னால் நின்றவர்கள்கூட முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். கரகத்தோடு நின்ற துலுக்கானத்துக்குப் பொத்திக்கொள்ளக் கை இல்லை.

"த்தூ! மூடுறா அத!"

பார்வதம் குடத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பாட்டிலைப் பார்த்தாள். கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள். குடம் லேசாக ஆடி, தண்ணீர் அவள் கால் மேல் சிந்தியது. பிறகு திரும்பி நடந்து, கருவாட்டுக் குழம்பு வைத்த அடுப்புப் பக்கம் போய், காலியாக இருந்த தவலையில் தண்ணீரைக் கவிழ்த்தாள்.

"அடுப்ப மூட்டுங்கடி."

"இன்னா பார்வதம் இது? கரகம் தலைல கீது. தண்ணி எப்ப கொதிக்க, நான் எப்ப எறக்க?"

"பம்பு தண்ணிதான? வழக்கம் எங்க போச்சு? ஆத்தா உன் தலைலதான கீறா, காய்ச்சக் கூடாதுன்னு சொல்லச் சொல்லு, கேட்டுக்கிறேன்."

துலுக்கானம் கண்ணை மூடினான். தெருவே அவன் முகத்தைப் பார்த்தது. ஆத்தா ஒன்றும் சொல்லவில்லை. வியர்வையில் மஞ்சள் கரைந்து வழிந்ததுதான் மிச்சம்.

விறகு போதவில்லை. அகல்யா உடைந்த கதவுப் பலகை கொண்டுவந்தாள். யாரோ தென்னை மட்டையை இழுத்துவந்தார்கள். மேளக்காரர்கள் சும்மா இருப்பானேன் என்று அந்த நெருப்பில் மேளத்தைக் காய்ச்சினார்கள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், சிலர் சொம்பைக் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் தவலைக்கும் துலுக்கானத்துக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன்.

"உக்காருடா. நீ நடக்குறதப் பாத்தா எனுக்குத் தல சுத்துது" என்றான்.

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. ஆறவைக்க யாருக்கும் பொறுமை இல்லை. சூட்டில் திரிந்துவிடும் என்று மோரை நிறுத்திவிட்டு, கரண்டியால் கரைத்து ஊற்றினாள் பார்வதம். வயிற்றைக் குளிர வைக்கிற கூழில் அந்த வருஷம் ஆவி பறந்தது. லாவண்யா ஊதி ஊதிக் குடித்தாள். உதட்டைச் சுட்டுக்கொண்டு சிரித்தாள். பார்வதம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கரகம் இறங்கியது. பார்வதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்டா கழுத்தில் கட்டியிருந்த வேப்பிலைக் கொத்தை அவிழ்த்து, பம்பு கைப்பிடியில் மஞ்சள் துணியால் இறுக்கிக் கட்டினாள். அம்மை போட்ட வீட்டு வாசலில் இப்படித்தான் கட்டுவோம். அந்த வீட்டில் யாரும் நுழையமாட்டார்கள், ஒன்றும் வாங்கமாட்டார்கள்.

"எத்தினி நாளிக்கு?" என்று கேட்டான் துலுக்கானம்.

"அந்த டேங்கு அங்கேந்து போற வரிக்கும்."

வேப்பிலை வாடிவிடும். புதுசு ஒடித்துக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பஞ்சாயத்து ஆபீஸில் போய்ப் பாட்டிலைக் காட்ட நாளைக்கும் லீவு போட வேண்டும். இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் குடத்தோடு பம்புக்கு வந்து, வேப்பிலையைப் பார்த்து, என் பக்கம் திரும்பினாள்.

"அதெல்லாம் சரி அண்ணே. சாயந்திரம் தண்ணிக்கு எங்க போறது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எதிரே இருந்த அடுக்குமாடியைப் பார்த்தேன். அவர்களுக்கு லாரியில் தண்ணீர் வந்து தொட்டியில் இறங்குகிறது. ரெண்டு குடத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கேட்டை நோக்கி நடந்தேன்.

"இரு மாமே, நானும் வர்றேன்." சலங்கை குலுங்கத் துலுக்கானம் ஓடிவந்தான். "மஞ்ச பூசிகினு வந்தா வாட்ச்மேனு கதவத் தொறக்க யோசிக்க மாட்டான்."