எழுத்தில் வராத ‘ல’

“நீங்க எழுதினது தப்புன்னு இன்னிக்கு மேடையில சொல்லணும், சார்.”

தத்துவத் துறையில் இதுவரை யாரும் துறைத்தலைவரிடம் வைக்காத கோரிக்கை அது. கேட்டவள் அங்கே ஆய்வு மாணவி. அவள் சேர்ந்த முதல் வாரமே மூத்த ஆய்வு மாணவி ஒருத்தி அவளைத் தனியே கூப்பிட்டுப் புத்தி சொல்லியிருந்தாள். ஒன்பது வருடமாக ஆய்வு முடியாமல், தலைவரின் கட்டுரைகளில் அடிக்குறிப்பில் மட்டும் பெயர் வந்துகொண்டிருந்ததால் அந்த மூத்தவளுக்கே துறையில் ‘அடிக்குறிப்பு’ என்று பெயர். “லீவு கேளு, லெட்டர் கேளு, கையெழுத்து கேளு. தப்பை ஒத்துக்கச் சொல்லி மட்டும் கேட்டுடாத. அப்புறம் நீ இங்க இருந்ததே யாருக்கும் ஞாபகம் இருக்காது” என்றாள். பட்டவள் சொன்னாள்.

துறைத்தலைவர் அலமாரிக் கண்ணாடியில் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார். பதினொரு மணிக்குக் கீழ் அரங்கில் அவருடைய பொதுச்சொற்பொழிவு. மேசையில் நீல அட்டை போட்ட சிறு நூல்கள் அடுக்கியிருந்தன: ‘பொறுமை என்னும் அறம் – உழைக்கும் பெண்களின் வாய்மொழியிலிருந்து’. பக்கத்தில் அவளுடைய ஆய்வேடு, மூன்று பிரதி. அவர் கையெழுத்துக்காக ஒரு வாரமாய்த் தவம் கிடந்தது.

“எந்த இடம்?” திரும்பாமலே கேட்டார்.

“பதினேழாம் பக்கம்.”

அந்தப் பக்கம் பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

துறை, ‘மக்களோடு தத்துவம்’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. விடுதிகளுக்குப் பின்னால் இருக்கும் சலவைக்கூடத்தில் முப்பது பெண்கள் மாணவர்களின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் அங்கே போய் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும், பேசுவதை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். அந்த வேலைக்கு இவளைத்தான் போட்டார்கள். காரணம் ஒளிவு மறைவில்லாதது. இவளுடைய அம்மா அங்கே இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறாள். “உன்னைப் பார்த்தாத்தான் அவங்க வாயைத் திறப்பாங்க” என்று தலைவரே சொன்னார்.

ஒரு சனிக்கிழமை அவரும் வந்தார். கவிழ்த்துப் போட்ட துணிக்கூடைகளில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். “பொறுமைன்னா உங்களுக்கு என்னம்மா?” என்று கேட்டார். கடைசியில் அம்மாதான் பேசினாள்.

“இஸ்திரி போடுற ரோலர்ல கை உள்ள போகாம இருக்க ஒரு தடுப்புத் தகடு இருந்துச்சு. அது கழண்டு ஏழு மாசம் ஆச்சு. மூணு பேருக்குக் கை வெந்துடுச்சு. பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கோம்ல.”

வட்டமே சிரித்தது. ஒருத்தி தொடையில் தட்டிச் சிரித்தாள். தலைவர் மட்டும் சிரிக்காமல் குறிப்பெடுத்தார்.

அந்தக் கடைசி ‘ல’ இருக்கிறதே, அதில்தான் சங்கதி முழுவதும் இருந்தது. உனக்கே தெரியும்தானே என்கிற குத்தல், இன்னும் எத்தனை நாளைக்கு என்கிற கேள்வி, பார்த்துக்கொண்டே இரு என்கிற எச்சரிக்கை. பேச்சை எழுத்துத் தமிழாக்குவது இவளுடைய வேலை. ‘நாங்கள் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்’ என்று எழுதினாள். ‘அல்லவா’ என்று ஒன்றைச் சேர்த்துப் பார்த்தாள். நாடக வசனம் மாதிரி இருந்தது. அடித்துவிட்டாள்.

அவளுக்கு அந்த எழுத்தோடு பழைய பகை வேறு. முதல் கருத்தரங்கில் வாய்தவறி, “அதான் சொன்னேன்ல” என்றபோது பின்வரிசை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அரிசியில் கல் பொறுக்குவதுபோல் தன் பேச்சிலிருந்து அதைப் பொறுக்கிப் பொறுக்கி எறிந்தாள். தன் பேச்சிலிருந்து எறிந்து பழகிய கை, அம்மாவின் பேச்சிலிருந்தும் எறிந்துவிட்டது.

மிச்சத்தைத் தலைவர் பார்த்துக்கொண்டார். இயந்திர விவரமெல்லாம் தத்துவமாகாது என்று தகட்டை வெட்டினார். கை வெந்ததை மட்டும் வைத்துக்கொண்டார். ‘வெந்த கைகளோடும் புகார் ஏதுமின்றி இவர்கள் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் இழந்துவிட்ட அறம் இவர்களிடம் வாழ்கிறது’ என்று பதினேழாம் பக்கம் முடிந்தது.

நூல் வந்த மாதமே நான்காவது கை ரோலருக்குள் போனது. அது அம்மாவின் வலது கை. இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டன. அதன் பிறகுதான் முப்பது பேரும் தகடு கேட்டு மனு கொடுத்தார்கள். பல்கலைக்கழகம் விசாரணை வைத்தது. சலவைக்கூட மேனேஜர் பையிலிருந்து நீல அட்டை நூலை எடுத்து விசாரணை அதிகாரியின் மேசையில் வைத்தார். “புகார் எதுவும் இல்லைன்னு அவங்களே சொல்லியிருக்காங்க, சார். பல்கலைக்கழகமே அச்சடிச்சிருக்கு.” அதிகாரி படித்துப் பார்த்தார். பேச்சை எழுதியவர் யாரோ, அவரே அது தவறு என்று எழுதிக் கொடுத்தால் ஒழிய மனுவை முடித்துவிடுவேன் என்றார். அதற்குக் கெடு இன்று மூன்று மணி.

நேற்று சாயங்காலம் அம்மா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் நூலைப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“இதை நானா சொன்னேன்?”

“நீதாம்மா சொன்ன.”

“இப்படியா சொன்னேன்? ஏதோ சாமியார் பேசுற மாதிரில இருக்கு.”

அம்மா நூலை மூடிக் கீழே வைத்தாள்.

“உன்னை நான் படிக்க வச்சேன். நீ என்னைத் திருத்தி வச்சிட்ட.”

அதில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் மகள் தாங்கியிருப்பாள். பிறகு அம்மாவே, “நீ எதையும் எழுதிக் கொடுத்துப் படிப்பைக் கெடுத்துக்காத. இத்தனை நாள் ஓட்டினோம், இன்னும் கொஞ்ச நாள்…” என்று ஆரம்பித்தவள், அடுத்து வரவேண்டிய சொல்லைச் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள்.

எழுதிக் கொடுத்தால் படிப்பு கெடும் என்பது உண்மை. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்தப் பேச்சுகளின் மேல்தான் நிற்கிறது. பேச்சை மாற்றி எழுதியவள் என்று ஆகிவிட்டால் பட்டம் கிடையாது. துறைத்தலைவரே மேடையில் தவறு நேர்ந்துவிட்டது என்று சொன்னால் அது துறையின் பிழையாகும், திருத்திக்கொள்ளலாம். அவர் சொல்லாவிட்டால் அவள் ஒருத்தியின் மோசடியாகும்.

இப்போது அவர் பதினேழாம் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஒரே ஒரு எழுத்துக்காகவா இவ்வளவு? இலக்கணத்துல அதுக்கு அசைன்னு பேரு. அர்த்தம் கிடையாது.”

“உங்களுக்குக் கிடையாது, சார். அவங்க அதை வச்சுத்தான் பேசுனாங்க.”

“உன் அம்மாங்கறதால நீ உணர்ச்சிவசப்படுற. ஆய்வுன்னா ஒரு தூரம் வேணும்.”

“தூரத்துல இருந்துதான சார் நீங்க எழுதினீங்க. கிட்ட இருந்தவங்களுக்குத்தான் கை வெந்துச்சு.”

அவர் முகம் மாறியது. குரலை மட்டும் இறக்கினார். “இங்க பாரும்மா. உங்க மாதிரி இடத்துலேர்ந்து வர்றவங்களுக்கு இந்தத் துறை எவ்வளவோ செஞ்சிருக்கு. கதவைத் திறந்து விட்டதே நாங்கதான். உள்ள வந்ததும் வீட்டையே இடிக்கப் பாக்கறதா?”

“திறந்தீங்க, சார். எங்க அம்மாவை உள்ள கொண்டு வரத்தான் என்னை உள்ள விட்டீங்க. அதுவும் வாயை வெளியில கழட்டி வச்சிட்டு.”

கதவு திறந்தது. ‘அடிக்குறிப்பு’ மூச்சு வாங்க வந்து நின்றாள். “சார், அரங்கம் நிறைஞ்சிடுச்சு. சலவைக்கூடத்துப் பொண்ணுங்க எட்டுப் பேரை மேனேஜர் வேன்ல அனுப்பியிருக்கார். முன்வரிசையில உக்கார வச்சிட்டேன்.”

துறைத்தலைவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றினார். “யாரும் எழுந்து பேசிட மாட்டாங்கல்ல?”

“இப்ப நீங்க ஒரு ‘ல’ போட்டீங்க, சார்” என்றாள் அவள். “அதை எப்படி எழுதட்டும்? ‘யாரும் எழுந்து பேசிவிட மாட்டார்கள்’ன்னா? அப்படி எழுதினா நீங்க பயந்தது யாருக்கும் தெரியாது.”

‘அடிக்குறிப்பு’க்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக்கி விழுங்கினாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆய்வேட்டின் மேல் பிரதியை முன்னால் இழுத்து, கையெழுத்துப் பக்கத்தைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றி அதன் மேல் குறுக்கே வைத்தார். எல்லாவற்றையும் மெதுவாக, அவள் பார்க்கும்படி செய்தார்.

“வரவேற்புரை உன்னுது. கீழ போ. பதினேழாம் பக்கத்தை உள்ளது உள்ளபடி படி. உன் வாயால படிச்சாத்தான் நல்லா இருக்கும். முடிச்சிட்டு வந்து கையெழுத்தை வாங்கிக்க.”

“உள்ளது உள்ளபடி ஏற்கெனவே கொடுத்துட்டேன், சார்.”

“என்ன கொடுத்த? யார்கிட்ட?”

“காலைல ஒன்பதரைக்கு, விசாரணை அதிகாரிகிட்ட. பேச்சை மாத்தி எழுதினது நான்தான்னு கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டேன். உங்க பேரை எழுதலை. நீங்களா சொல்றீங்களான்னு பாக்கத்தான் இங்க வந்தேன். மூணு மணிக்கு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கார். பொறுமையைப் பத்தி நீங்க கேட்ட கேள்வியும் அதுலதான் இருக்கு.”

துறைத்தலைவர் பேனாவை எடுத்தார். எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் மறுபடி வைத்தார்.

“உனக்கென்ன பைத்தியமா?” ‘அடிக்குறிப்பு’ அவள் கையைப் பிடித்தாள். “நாலு வருஷ உழைப்புடி. ஆய்வேட்டையாவது எடுத்துக்கிட்டுப் போ.”

“மூணாவது அத்தியாயத்துல பொய் இருக்குக்கா. அது இங்கயே இருக்கட்டும். இந்த இடத்துக்குப் பொருத்தமாத்தான் இருக்கு.”

கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தாள். படிகளில் இறங்கினாள். அரங்கின் வாசலைத் தாண்டும்போது உள்ளே ஒலிபெருக்கியில் அவளை மேடைக்கு அழைத்தார்கள். இரண்டாம் முறையும் அழைத்தார்கள். பிறகு சலசலப்பை அடக்க யாரோ நல்ல எழுத்துத் தமிழில் அறிவித்தார்கள்:

“அவையோர் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.”

முன்வரிசையிலிருந்து எட்டுப் பெண்களின் சிரிப்பு வெடித்தது. அவள் அதற்குள் வெளிவாசலைத் தாண்டியிருந்தாள்.